அதே குற்றப்பத்திரிகை, அதே பெடியன்

ஓய்வு பெற்ற பிறகும் நீதிமன்றத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வருவது நிற்கவில்லை. நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் நிரோஷா. இங்கேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் ஒரு சந்தேகம் வந்தால் கைநூலைப் புரட்டுவதைவிட என்னைக் கேட்பது அவளுக்குச் சுலபம். போன மாதமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தாள்.

"அன்ரி, பிஸியா? ஒரு சின்னக் கேள்வி. திங்கக்கிழமை ஒரு ரீட்ரயல் தொடங்குது. ஆளை முதல் தரம் ஜூரி நொட் கில்ட்டி எண்டு விட்டது. கவர்மென்ட் அப்பீல் பண்ணித் திரும்பக் கொண்டு வந்திருக்கு. நான் சார்ஜை முழுக்க வாசிக்கவேணுமா?"

"முழுக்க வாசிக்கவேணும். முதல் தரம் ஒண்டுமே நடக்காத மாதிரி வாசிக்கவேணும்."

"பட் அன்ரி, ஒருக்கா விட்ட ஆளைத் திரும்பப் பிடிக்கேலாது எண்டுதானே சாட்டர்ல இருக்கு? இட்ஸ் சோ அன்ஃபெயர்," என்றாள்.

"அதை நீதிபதியிட்டக் கேள்," என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அவளில் ஒரு பிழையும் இல்லை. நான் அப்படிக் கடித்து விழுந்ததற்குக் காரணம் ரஜீவன் என்று ஒரு பெடியன். அவனைப் பற்றி நான் நிரோஷாவுக்கோ அவளோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கோ சொன்னதில்லை. உத்தியோகத்தில் இருந்தவரை சொல்லக்கூடாது என்று இருந்தேன். பிறகு சொல்ல மனம் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். நிரோஷாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. தாய்க்காரி வாசித்துக் காட்டட்டும்.

நான் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவள். நீதிபதிக்குக் கீழே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு இருக்கிற பொம்பிளை என்ன செய்கிறாள் என்று எங்கள் சனம் கேட்கும். குற்றப்பத்திரிகையை வாசிப்பது, ஜூரிகளுக்கும் சாட்சிகளுக்கும் சத்தியம் செய்துவைப்பது, சான்றுப்பொருள்களுக்கு இலக்கம் ஒட்டுவது, கடைசியில் ஜூரியிடம் தீர்ப்பைக் கேட்டு வாங்குவது, இவ்வளவும் என் வேலை. தீர்ப்புச் சொல்வது பன்னிரண்டு பேர். அதைக் கேட்க வேண்டியது நான்.

இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதையில்லை. அகதியாக வந்து, டோனட் கடையில் நின்று, கல்லூரியில் பின்னேர வகுப்புப் படித்து, போக்குவரத்துத் தண்ட வழக்குகள் நடக்கும் சின்ன நீதிமன்றத்தில் சில வருடம் பழகி, பிறகு டவுன்ரவுனில் பெரிய வழக்குகள் நடக்கும் மாடிக்கு ஏற்றப்பட்டேன். அங்கேதான் மார்கரெட்டின் கையில் அகப்பட்டேன்.

மார்கரெட் தலைமைப் பதிவாளர். உயரமான, எலும்பும் தோலுமான வெள்ளைக்காரி. அவர் வாய் திறந்து ஒருவரைப் பாராட்டியதை அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லை. ஆளில்லாத நீதிமன்ற அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், காலியாகக் கிடந்த பன்னிரண்டு ஜூரிக் கதிரைகளைப் பார்த்து வாசிக்கச் சொல்வார். தான் கடைசி வாங்கில் போய் இருந்துகொள்வார்.

"முகம்," என்பார் அங்கிருந்தே. "உன் முகம் ஏதோ சொல்கிறது. பதிவாளரின் முகம் ஒன்றும் சொல்லக் கூடாது. தீர்ப்பை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேள்."

மாமியார் வீட்டில் முகத்தைக் கட்டிப் பழகிய எனக்கு இது பெரிய வித்தையாகப் படவில்லை. ஆனாலும் மார்கரெட் விடவில்லை. ஜூரரைத் தெரிவு செய்யும்போது பதிவாளர் சொல்லும் இரண்டு வசனங்கள் உண்டு. "ஜூரரே, குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பாருங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரே, ஜூரரைப் பாருங்கள்." அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு மூச்சு விட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்த ஒரு மூச்சுக்குள்தான் ஒருவர் மற்றவரை மனிதராகப் பார்ப்பார் என்று சொல்வார். அவர் சொன்னதில் இரக்கம் போல் ஒலித்தது அது ஒன்றுதான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வீட்டாரோடு நடைபாதையில், மின்தூக்கியில், எங்கேயும் பேசக் கூடாது. வெள்ளைக்காரப் பதிவாளர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. எனக்கோ, தமிழ் வழக்கு வந்தால் வாசலிலேயே "நீங்கள் ஊரில எவடம்?" என்று தொடங்கிவிடுவார்கள்.

ரஜீவனின் வழக்கு இதுதான். ஸ்காபரோவில் ஒரு பிளாசா. கார் நிறுத்துமிடத்தில் பெடியன்களுக்குள் அடிபாடு. ஒருவனுக்கு வயிற்றில் கத்திக்குத்து. அவனும் தமிழ்ப் பெடியன்தான். உயிர் தப்பினான், ஆனால் குத்தியவரைக் காணவில்லை என்று கடைசிவரை சொன்னான். கண்டதாகச் சொன்ன ஒரே ஆள், எதிர்ப்பக்கத்தில் காருக்குள் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். பொலிஸ் காட்டிய படங்களுக்குள் ரஜீவனின் படத்தைத் தொட்டுக் காட்டினார். ரஜீவன் ரெக்ஸ்டேலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தவன். அந்த நேரம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததாகச் சொன்னான். அதை உறுதிப்படுத்த ஒருவரும் இல்லை.

அவன் செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், ஏதோ எனக்குக் காதுக்குள் யாரோ சொல்லியிருப்பது போல. எனக்குத் தெரிந்தது அந்த அறைக்குள் நடந்தது மட்டும்.

ஜூரித் தெரிவின்போது, வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்க நீதிபதி அனுமதித்திருந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் இலங்கையிலிருந்து வந்த தமிழர். அதனால் பக்கம் சாயாமல் சாட்சியங்களை எடைபோடும் உங்கள் ஆற்றல் பாதிக்கப்படுமா என்பது கேள்வி. ஒருவர் பின் ஒருவராக "இல்லை" என்றார்கள். கேள்வி முடியும் முன்பே "இல்லை" என்றவர்களும் உண்டு. வயதான ஒரு பெண்மணி மட்டும் நின்று யோசித்தார். "உண்மையைச் சொன்னால், பாதிக்கப்படலாம். செய்தியில் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வருகிறது," என்றார். அவருக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களுக்குள் தன் மனதைத் திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது. அவரை அனுப்பிவிட்டு மற்றவர்களை வைத்துக்கொண்டோம்.

நான் என் இரண்டு வசனங்களையும் சொன்னேன். ஜூரர் ரஜீவனைப் பார்த்தார். ரஜீவன் நிலத்தைப் பார்த்தான். வயதில் மூத்தவர்களை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது என்று தாய் வளர்த்த பிள்ளை. கண்ணைப் பார்க்காதவன் கள்ளன் என்று நினைக்கிற ஊர் இது. அவனுடைய வழக்கறிஞர் பக்கத்தில் போய்ச் சொன்ன பிறகுதான் தலையை நிமிர்த்தினான்.

அவனுடைய தாய் யோகேஸ்வரி. நான் யோகக்கா என்றுதான் பிற்காலத்தில் கூப்பிட்டேன். கணவரைப் போரில் இழந்து, இந்த ஒரே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். ஒவ்வொரு நாளும் பார்வையாளர் வாங்கில் ஒரே இடத்தில் இருப்பார். ஆங்கிலம் விளங்காது. விளங்காததையெல்லாம் என் முகத்தில் தேடுவார். ஒரு நாள் கழிவறையில் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் எங்கட ஆள்தானே? என்ன மாதிரிப் போகுது?"

"அக்கா, நான் கதைக்கக் கூடாது. குறை நினையாதேங்கோ."

"சரி, சரி. உங்கட வேலைக்குக் கரைச்சல் வேண்டாம்," என்று கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தவர், வாசலில் திரும்பி நின்றார். "சாப்பிட்டிட்டீங்களே?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

முதல் விசாரணை நீதிபதி நிதானமான மனிதர். ரஜீவன் அந்த அடிபாட்டில் ஈடுபட்ட வன்முறைக் குழு ஒன்றைச் சேர்ந்தவன் என்று சொல்வதற்கு ஒரு பொலிஸ் அதிகாரியைக் கூப்பிட அரச தரப்பு விரும்பியது. கையில் இருந்தவை, அவனை இன்னாரோடு தெருவில் கண்டோம் என்று பொலிசார் எழுதிவைத்த சில குறிப்புகள் மட்டும். ஒரே கட்டிடத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெடியன்கள் ஒன்றாக நின்றால் அது குழு ஆகிவிடுமா என்று கேட்டு நீதிபதி அதை மறுத்தார். ஜூரிக்கு அறிவுரை சொல்லும்போது இன்னொன்றும் சொன்னார். வேற்றினத்து முகத்தை அடையாளம் காண்பதில் மனிதர்கள் பிழை விடுவது வழமை என்றும், நேர்மையான சாட்சிகூட முழு நம்பிக்கையோடு தவறான ஆளைக் காட்டலாம் என்றும் சொன்னார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜூரி திரும்பி வந்தது. நான் எழுந்து, பஸ் நேரம் கேட்பது போலக் கேட்டேன். "குற்றவாளி இல்லை," என்றார் ஜூரிகளின் தலைவர். யோகக்கா என் முகத்தைப் பார்த்தார். என் முகம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த ஒரு பெடியன், "அன்ரி, விட்டாச்சு, விட்டாச்சு!" என்று சொன்ன பிறகுதான் அவர் குழறி அழுதார்.

அந்தக் கிழமை மில்லிக்கனில் நான் மரக்கறி வாங்கும் கடையிலும் இதே கதைதான். "பெடியனை விட்டிட்டாங்கள். இனி ஒண்டும் செய்யேலாது. ஒரு வழக்கை ரெண்டு தரம் போட இந்த நாட்டில சட்டம் இல்லை," என்று கடைக்காரர் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஒரு குற்றத்திலிருந்து இறுதியாக விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்று நிரோஷா சொன்ன அந்தச் சாட்டர், உரிமைச் சாசனம், சொல்கிறது. அமெரிக்கப் படம் பார்த்துச் சட்டம் படித்த சனம் அந்த 'இறுதியாக' என்பதை விட்டுவிடும். இங்கே ஜூரி விடுவித்தாலும், நீதிபதி சட்டத்தில் பிழை விட்டார் என்று அரசு மேன்முறையீடு செய்யலாம். மேல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டால் விடுதலை ரத்து. அப்போது அது இறுதியான விடுதலையாக இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். ஆகவே இரண்டாம் தரம் என்பது சட்டப்படி இரண்டாம் தரம் இல்லை. இப்படி நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய துணிச்சல் சட்டத்துக்கு மட்டும்தான் உண்டு.

ரஜீவனின் வழக்கறிஞர் மேன்முறையீடு போய்விட்டது என்று அவர்களுக்குச் சொல்லித்தான் இருந்தார். தாயும் மகனும் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு பேர் எழுந்து நின்று சொன்னதைக் கண்ணால் பார்த்தவர்கள், கடுதாசியில் வந்ததையா நம்புவார்கள்?

அந்த இடைக்காலத்தில்தான் அவர்கள் கட்டிடத்தின் கீழ்மாடியில் இருந்த சுதன் என்ற பெடியன் சுடப்பட்டுச் செத்தான். அவன் உண்மையிலேயே பிழையான கூட்டத்தோடு திரிந்தவன். வீட்டில் தாய் மட்டும். செத்தவீட்டில் பெட்டி தூக்க ஆள் போதவில்லை. ரஜீவன் போய் முன்பக்கக் கைபிடியைப் பிடித்தான். எதிர்ப்பக்க வீதியில் நின்ற ஒரு காருக்குள் இருந்து பொலிஸ் படம் எடுத்தது.

மேல் நீதிமன்றத்தின் முடிவு வந்தபோது நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். குழுவைப் பற்றிய சாட்சியத்தை முற்றாக மறுத்தது பிழை என்று இருந்தது. வேற்றின முகங்களைப் பற்றிய எச்சரிக்கையை நீதிபதி அளவுக்கு மீறிச் சொல்லி, ஜூரியை ஒரு பக்கம் சாய்த்துவிட்டார் என்றும் இருந்தது. ஒரு கறுத்த தோல் பெடியனுக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அவனைத் திரும்ப உள்ளே இழுத்தது.

மறுவிசாரணைக்கு என்னையே போட்டிருந்தார்கள். நான் மார்கரெட்டிடம் போனேன்.

"இந்த வழக்கில் முதல் தடவையும் நான் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். வேறு ஆளைப் போட முடியாதா?"

மார்கரெட் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீ நீதிபதி இல்லை. ஜூரரும் இல்லை. உனக்கு என்ன தெரியும் என்று இந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்கப்போவதில்லை." கொஞ்சம் பொறுத்து, "நீ இல்லாவிட்டால் வேறொருவர் வாசிப்பார். அவர் அந்தப் பெயரைக் கொலை செய்வார். உனக்காவது பெயர் சரியாக வாயில் வரும்," என்றார்.

அதனால் நான்தான் வாசித்தேன். அதே குற்றப்பத்திரிகை, அதே திகதி, அதே பிளாசா, அதே பெடியன். ஆள் மட்டும் மெலிந்திருந்தான். முழுப்பெயரையும் சரியாக உச்சரித்து, என்ன சொல்கிறீர்கள், குற்றவாளியா, குற்றவாளி இல்லையா என்று கேட்டேன்.

ரஜீவன் இந்தத் தடவை நிலத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான், "நான் முன்பே பதில் சொல்லிவிட்டேன், மேடம். நீங்கள்தான் கேட்டீர்கள்," என்றான்.

கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுமாறு புதிய நீதிபதி சொன்னார். "குற்றவாளி இல்லை," என்றான் ரஜீவன். நான் அதைப் பதிவு செய்தேன்.

செத்தவீட்டுப் படத்தை அரச தரப்பு கொண்டுவந்தபோது, இலக்கம் ஒட்ட அது என் கைக்கு வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஆறு பெடியன்கள், நடுவில் பெட்டி, முன்வலப் பக்கத்தில் ரஜீவன். சாட்சிக் கூண்டில் நின்ற பொலிஸ் அதிகாரி விளக்கினார். இப்படியான குழுக்களில் சவப்பெட்டி தூக்குவது நெருங்கிய உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் இடமாம். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை உடுத்தியிருப்பதையும் கவனிக்கும்படி சொன்னார். கறுப்பு உடுத்துச் செத்தவீட்டுக்குப் போய்ப் பழகிய பன்னிரண்டு பேரும் அந்த வெள்ளையைக் கவனித்தார்கள். எங்கள் சனம் செத்தவீட்டுக்கு வெள்ளையில் போகாமல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டா போகும்? எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. ஒட்டுத்தாளை மூலையில் நேராக ஒட்டி, இலக்கத்தை எழுதி, திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் படத்துக்குப் பதில் சொல்லத்தான் யோகக்காவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நான் ஆங்கிலத்தில் சத்தியம் கேட்டேன். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். யோகக்கா என்னைப் பார்த்துத் தமிழில் "ஓம்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு தமிழ்ப் பொம்பிளைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு தமிழர் நின்று எங்களை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்.

மகன் ஏன் அந்தப் பெட்டியைத் தூக்கினார் என்று ரஜீவனின் வழக்கறிஞர் கேட்டார்.

"நான்தான் போகச் சொன்னனான்," என்றார் யோகக்கா. "இவன் வேலை இருக்கு, மாட்டன் எண்டவன். நான் பேசி அனுப்பினனான். ஆம்பிளையள் இல்லாத வீடு ஐயா அது. தாய்க்காரி தனிய நிண்டு கத்துறாள். ஒரே கட்டிடத்தில இருந்துகொண்டு, அதுக்கும் போகாட்டி நாங்கள் என்ன மனுசர்?"

ஜூரிப் பெட்டியில் ஒரு பெண் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் எனக்கு மூச்சு வந்தது. யோகக்கா அதோடு இறங்கியிருந்தால் போதும்.

அரச தரப்பில் எழுந்தவர் ஒரு இளம் பெண் வழக்கறிஞர். குரலே உயர்த்தவில்லை. மகனை இழந்த அந்தத் தாய்க்காகத் தானும் வருந்துவதாகச் சொல்லித்தான் தொடங்கினார்.

"அப்படியானால் இரண்டு குடும்பமும் நெருக்கமா?"

"நெருக்கம் இல்லாமல்? ஒண்டுக்க ஒண்டுதான்."

"சுதன் உங்கள் வீட்டுக்கு வருவாரா?"

"ஏன் வராமல்? தாய்க்கு இரவு வேலை. அவனுக்கு எங்கட வீட்டிலதான் சாப்பாடு. நண்டுக்கறி எண்டால் விடமாட்டான்."

"உங்கள் மகனும் அவரும் ஒன்றாக வெளியே போவார்களா?"

"ஒண்டாத்தான் திரிவாங்கள், அம்மா. அண்ணன் தம்பி மாதிரி," என்றார் யோகக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரஜீவன் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தான். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார். மேற்கொண்டு கேள்வி இல்லை என்று அந்த வழக்கறிஞர் அமர்ந்துகொண்டார்.

நடந்தது என்னவென்று அந்த அறையில் எனக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ரஜீவனுக்கும் மட்டும்தான் விளங்கியது. செத்தவனைப் பற்றிப் பேசும்போது நாங்கள் உறவைக் குறைத்துச் சொல்வதில்லை. மின்தூக்கியில் கண்டு சிரித்தவனைக்கூட, செத்த பிறகு என்ர பிள்ளை மாதிரி என்போம். அது செத்தவனுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் நாங்கள் கொடுக்கிற மரியாதை. சுதனின் தாய் பார்வையாளர் வாங்கில்தான் இருந்தாள். அவளுக்கு முன்னால், உன் மகனை எங்களுக்குப் பெரிதாகத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? யோகக்கா சாட்சிக் கூண்டில் நின்றும் செத்தவீட்டில் நிற்பது போலவே பேசினார். ஜூரிக்கோ, குழுவைச் சேர்ந்தவனும் ரஜீவனும் கூடப்பிறந்தவர்கள் போலத் திரிந்தார்கள் என்று பெற்ற தாயே சத்தியம் செய்து சொன்னார் என்றே விளங்கியது.

புதிய நீதிபதி வேற்றின முகங்களைப் பற்றி மேல் நீதிமன்றம் சொன்ன அளவோடு, ஒரு பந்தியில் சொல்லி முடித்தார்.

தீர்ப்பு நாளன்று மார்கரெட் வந்து கடைசி வாங்கில் இருந்தார். நான் எழுந்து கேட்டேன். "குற்றவாளி," என்றார் ஜூரிகளின் தலைவர். உங்கள் எல்லோருடைய முடிவும் இதுதானா என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். இந்தத் தடவை யோகக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. 'கில்ட்டி'க்கு முன்னால் 'நொட்' வராததை அவரே பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த சுதனின் தாய்தான் கத்தினாள்.

நடைபாதையில் மார்கரெட் எனக்காக நின்றார். "உன் முகம் நன்றாக இருந்தது," என்றார். எத்தனையோ வருடத்தில் அவர் எனக்குத் தந்த ஒரே பாராட்டு அது. அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ரஜீவனுக்குச் சில வருடச் சிறை. அதோடு முடியவில்லை. குடியுரிமைக்குப் போட வேண்டும், போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போடாமல் இருந்தவன். அதனால் சிறை முடிந்ததும் இலங்கைக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. ஒரு குற்றத்துக்கு எத்தனை தண்டனை என்று யோகக்கா வழக்கறிஞரைக் கேட்டாராம். நாடுகடத்தல் சட்டப்படி தண்டனை இல்லை, அது நிர்வாக நடவடிக்கை என்று பதில் கிடைத்ததாம். குழந்தையாகக் கைப்பிடித்து வந்தவனை, தாடி நரைக்கத் தொடங்கும் வயதில் தனியாக விமானத்தில் ஏற்றினார்கள்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த கிழமை யோகக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். இனி என்னைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை. கதவைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோர்ட்டுப் பிள்ளை," என்றார். உள்ளே விட்டுத் தேத்தண்ணி வைத்தார். நான் வந்த காரணத்தைச் சொல்லும் முன்பே அவர் கேட்டார்.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழையே, பிள்ளை?"

"பிழை இல்லை அக்கா."

"சுதன் எங்கட வீட்டுப் படியில ரெண்டு தரம்தான் ஏறினவன். ஒருக்கா தாய் குடுத்துவிட்ட பலகாரத்தோட. மற்றது என்னத்துக்கெண்டு ஞாபகமில்லை. தாய் பார்த்துக்கொண்டிருக்கேக்க நான் வேற என்னெண்டு சொல்லுறது?"

அதற்குப் பிறகு நான் அடிக்கடி போனேன். அவர் அந்தக் கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். ஒரு நாளும் அவர் அதை நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

போன மாரிக் குளிரில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ரஜீவன் வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இருந்து செத்தவீட்டைக் கைபேசி நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். கிரியை முடிந்தது. மண்டபத்துக்காரர் வந்து, பெட்டியை வாகனத்துக்குக் கொண்டுபோக ஆறு பேர் வாருங்கள் என்றார்.

பின்சுவரோடு கட்டிடத்துப் பெடியன்கள் பலர் நின்றார்கள். யோகக்காவின் கையால் சாப்பிட்டவர்கள்தான். ஒருவரும் அசையவில்லை. ஒரு தாய் மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்றது. யாருடைய காரோ. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது சுதனின் தாய். ஒரு கைபிடியைப் பிடித்தாள். பொம்பிளைகள் தூக்குவதில்லை என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நானும் போய் மற்றப் பக்கம் பிடித்தேன். குனிந்தால் நிமிர முடியாத நாரி நோவுக்காரரான என் கணவர் வந்தார். ஓய்வு பெற்ற இரண்டு கிழவர்கள் வந்தார்கள். ஆறாவது ஆளாக மண்டபத்து வேலைக்காரப் பிலிப்பினோ மனிதர் ஒருவர் பிடித்தார். யோகக்கா பெரிய பாரமில்லை.

பின்னேரம், தாய் கொடுத்திருந்த என் இலக்கத்துக்கு ரஜீவன் தொலைபேசி எடுத்தான்.

"அன்ரி, பெட்டி வெளிய போகேக்க படம் நிண்டிட்டுது. அம்மாவை ஆர் தூக்கினது?"

ஒவ்வொருவராகச் சொன்னேன். கீழ்மாடி அன்ரி, சுதனின் தாய்தான் முதலில் பிடித்தது என்றும் சொன்னேன்.

"பெடியள் ஒருத்தரும் வரேல்லையோ?"

எனக்குப் பொய் சொல்ல வேண்டும் போல இருந்தது. "இல்லை, அப்பன்," என்றேன்.

அவன் திட்டுவான் அல்லது அழுவான் என்று காத்திருந்தேன். அவன் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது.

"நல்லது, அன்ரி," என்றான். "அவங்களை இனியும் வர விடாதேங்கோ."